காணாத அலையும் காணாத கடவுளும்

சமீப காலமாக நமது ஆஸ்திக நண்பர்கள் ஒரு புது வாதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை என்று எங்கே கூட்டம் போட்டாலும், மேடைக்கு வரும் கேள்விச் சீட்டுகளில் ஒன்றாவது இந்த மாதிரி வந்துவிடுகிறது. அதாவது, "செல்போனுக்கு வரும் அலையை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? பாராவிட்டாலும் அது இருப்பதாக ஒப்புக்கொள்ளுகிறீர்களே. அதுபோலவே கண்ணுக்குத் தெரியாத கடவுளையும் ஒப்புக்கொண்டால் என்ன?" என்பதேயாகும்.

முன்பெல்லாம் காற்றைக் காட்டுவார்கள். பூவில் மணத்தைக் காட்டுவார்கள். பாலில் நெய்யைக் காட்டுவார்கள். இப்போது செல்போனைக் காட்டுகிறார்கள். புராணத்தையும் சாஸ்திரத்தையும் விட்டுவிட்டு விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு வந்ததைப் பற்றி நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அழைத்து வந்த சாட்சி அவர்கள் பக்கம் சாட்சி சொல்லுகிறதா, அல்லது அவர்களையே காட்டிக்கொடுக்கிறதா என்பதை விசாரித்துப் பார்க்க வேண்டியது நமது கடமையாகும்.

முதலாவது ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். கண்ணுக்குத் தெரிவதைத்தான் நம்புவோம் என்று சுயமரியாதைக்காரர் எவரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. பரிசோதனைக்கு உட்படுவதைத்தான் நம்புவோம் என்றுதான் சொல்லி வருகிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. காய்ச்சல் கண்ணுக்குத் தெரிவதில்லை, தெர்மாமீட்டர் காட்டுகிறது. கம்பியில் மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை, தொட்டவன் அறிகிறான். ஆகவே தெரிகிறதா இல்லையா என்பது கேள்வியல்ல. இருக்கிறதென்று சொல்லுகிறவன் அதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வழி காட்டுகிறானா என்பதே கேள்வி.

இனி அந்த அலையின் சரித்திரத்தைப் பார்ப்போம். 1865ஆம் வருஷத்தில் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குப் போட்டார். மின்சாரமும் காந்தமும் ஒன்றையொன்று அசைத்துக்கொண்டு அலையாகப் பரவ வேண்டும் என்றும், அந்த அலை வெளிச்சத்தின் வேகத்திலேயே, அதாவது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்றும் அவர் கணக்குச் சொல்லிற்று. வெளிச்சமே அப்படிப்பட்ட அலைதான் என்றும் அவர் சொன்னார். அதற்காக எவரும் அவருக்குக் கோயில் கட்டவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. "கணக்குச் சரியாகத்தானிருக்கிறது, ஆனால் நிஜமா?" என்றுதான் கேட்டார்கள். ஏறத்தாழ இருபது வருஷங்களுக்கு மேல் அந்தக் கேள்வி நின்றது. பிறகு 1887-88இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் ஒரு பக்கம் மின்பொறியை உண்டாக்கி, தூரத்தில் ஒரு கம்பி வளையத்தை வைத்து, அந்த வளையத்தின் இடைவெளியிலும் சிறு பொறி பறப்பதைக் காட்டினார். துத்தநாகத் தகட்டில் அலையை மோதித் திரும்பச் செய்து அதன் நீளத்தையும் அளந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வளையத்தில் பொறி பறக்காமல் போயிருந்தால் மாக்ஸ்வெல் சொன்னது தள்ளுபடியாகியிருக்கும் என்பதுதான். அலை என்பது தன் தலையைப் பணயம் வைத்துப் பரீட்சைக்கு வந்தது, வந்து தேறியது. நமது கடவுள் எந்தப் பரீட்சைக்கு எப்போது வந்தார்? எது நடந்தால் அவர் இல்லை என்று ஒப்புக்கொள்ளுவீர்கள் என்று கேட்டால், இதுவரை ஓர் ஆஸ்திகராவது பதில் சொல்லியிருக்கிறாரா? மழை பெய்தால் அவர் கருணை. பெய்யாவிட்டால் நம் பாவம். பிள்ளை பிழைத்தால் அவர் அருள். செத்தால் அவர் சோதனை. எப்படி நடந்தாலும் ஜெயிக்கிற கட்சிக்குப் பரீட்சை எதற்கு?

நிற்க, இந்த அலை விஷயத்தில் நம் தேசத்தாருக்கும் பங்குண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895இல், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மிகச் சிறிய அலைகளை உண்டாக்கி, சுவருக்கு அப்பால் அனுப்பி, மணி அடிக்கவும் வெடிமருந்து பற்றவும் செய்து காட்டினார். இன்று மைக்ரோவேவ் என்று சொல்லப்படும் சிற்றலைகளில் இது ஆரம்ப கால வேலை. அலையைக் கண்டுகொள்ளும் ஒரு படிகக் கருவிக்கு 1904இல் அமெரிக்காவில் அவருக்குப் பேட்டன்ட் உரிமையும் கிடைத்தது. அதே போஸ், கல்லூரியில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் குறைத்து ஒரு சம்பளம் என்று வைத்திருந்ததை ஒப்பாமல், மூன்று வருஷம் சம்பளத்தையே தொடாமல் வேலை பார்த்தார். பிறப்பினால் மனிதனுக்கு விலை போடுவதை எதிர்த்தவர் என்ற முறையிலும் அவரை நாம் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பின்னர் 1940ஆம் வருஷம் பிப்ரவரியில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ராண்டல், பூட் என்ற இருவர், பல அறைகள் குடைந்த ஒரு செம்புக் கட்டையைக்கொண்டு பலமான மைக்ரோவேவை உண்டாக்கும் மாக்னெட்ரான் என்னும் கருவியைச் செய்தார்கள். எதிரியின் ஆகாய விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காகச் செய்தது அது. யுத்த காலத்தில் அந்த ரேடாரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லை ஏற்பட்டது. விமானம் இல்லாத இடத்திலும் புள்ளி புள்ளியாக எதிரொலி தெரிந்தது. என்னவென்று ஆராய்ந்தால், அது மழை! விமானத்தைத் தேடியவர்களுக்கு இடைஞ்சலாக வந்த மழையையே தேடிப் பார்க்கலாமே என்று யோசித்ததின் பலன்தான் இன்றைய வானிலை ரேடார். வேண்டாத எதிரொலியைக்கூட "இது ஏன் வந்தது?" என்று கேட்டவனுக்குப் புதிய கண் கிடைத்தது. கேட்பதே பாவம் என்று போதிக்கப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

ரேடார் வேலை செய்யும் விதம் மந்திரமல்ல. பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் விளங்கக்கூடியதே. கிணற்றுக்குள் குனிந்து கூவினால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதுபோல் அலையை அனுப்பிவிட்டு, அது மேகத்திலுள்ள நீர்த்துளிகளில் பட்டுத் திரும்புகிற நேரத்தை அளக்கிறார்கள். காரைக்காலிலுள்ள ரேடாரிலிருந்து புதுக்கோட்டை நகரம் சுமார் 125 கிலோமீட்டர். புதுக்கோட்டைக்கு மேல் நிற்கும் மேகத்தில் பட்டு அலை திரும்பிப் போய்ச் சேர ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. வந்து சேர்ந்த நேரம் தூரத்தைச் சொல்லுகிறது. வந்த பலம் மழையின் பலத்தைச் சொல்லுகிறது. அன்றியும், ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி ஏறியும், தாண்டிப் போகும்போது இறங்கியும் கேட்பதை ஸ்டேஷனில் நின்றவர் அறிவார்கள். 1842இல் டாப்ளர் என்பவர் சொன்ன இந்த நியாயத்தையே அலைக்கும் வைத்து, மேகம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகம் என்பதையும் அறிகிறார்கள். சென்னையில் இப்படிப்பட்ட டாப்ளர் ரேடார் 2002இல் வந்தது. புயலைப் பார்க்கும் ரேடாரில் சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலையை உபயோகிக்கக் காரணம், அதைவிடச் சிறிய அலைகள் கனமழைக்குள் புகுந்தால் நடு வழியிலேயே மங்கிப்போகும் என்பதுதான்.

இதனால் ஜனங்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 1964 டிசம்பர் 22 இரவை நமது பக்கத்துக் கிழவர்கள் மறக்கமாட்டார்கள். சேது ஸ்நானம் செய்தால் சகல பாவமும் போகும் என்று சொல்லப்பட்ட தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. நூறு பேருக்கு மேல் ஏறியிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயில் அப்படியே அலைக்குள் போயிற்று. அன்று நமது கடற்கரையில் புயலைப் பார்க்கும் ரேடார் கிடையாது. ராமன் பேரால் புகழ்பெற்ற இடமாயிற்றே என்று கடல் தயவு காட்டவில்லை. கோயிலும் போயிற்று, மாதா கோயிலும் இடிந்தது. எம்மதத்தானையும் புயல் விட்டுவைக்கவில்லை.

இனி 2018 நவம்பர் 16ஆந்தேதி விடியற்காலத்தை எடுத்துக்கொள்ளுவோம். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் மத்தியில் கரையேறிற்று. எங்கே ஏறும், எப்போது ஏறும் என்பது செயற்கைக்கோளினாலும் ரேடாரினாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. சுமார் 80,000 பேர் முன்னதாகவே முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த எச்சரிக்கை இல்லாதிருந்தால் கடலோரத்தில் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நாம் நடந்ததை மறைத்து விஞ்ஞானத்துக்குப் பஜனை பாட வரவில்லை. கஜாவில் பல பத்து உயிர்கள் போயின. கரையேறியதும் ஓய்ந்துவிடும் என்று எண்ணியிருந்த நம் உள்நாட்டு ஊர்களை அது பலம் குறையாமலே தாக்கிற்று. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னையும் பலாவும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, செல்போன் டவர்களும் ஊமையாகி, பக்கத்து ஊர்ச் செய்திகூடத் தெரியாமல் ஜனங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தார்கள். அதற்கு முந்திய வருஷம் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவேயில்லை. கரையிலிருந்து கிளம்பும் செல்போன் அலை அவ்வளவு தூரம் எட்டாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்தன. கரையில் தெரிந்த செய்தி கடலில் தெரியாததால் ஏற்பட்ட சாவு அது. அதற்குப் பரிகாரம் என்ன? சாந்தி ஹோமமா? அலை எட்டாத இடத்துக்கு எட்டும் அலையை அனுப்புவதே பரிகாரம். செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கவும் அனுப்பவும் கூடிய டிரான்ஸ்பாண்டர் கருவியை இஸ்ரோ உருவாக்கி, அது தமிழ்நாட்டு விசைப்படகுகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிக் கரைகளில் நாட்டுப்படகுக்காரர் உள்பட கடைசி மீனவன் கைவரையிலும் அது போன்ற கருவி வர வேண்டும் என்று கேட்பதே புத்தியுள்ள கோரிக்கையாகும்.

ஆனால் நமது சர்க்கார் என்ன செய்தது? 2019 ஏப்ரலில், நாடு தண்ணீருக்குத் தவித்த சமயத்தில், இந்து அறநிலையத் துறையிலிருந்து கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. மழைக்காக யாகம் செய்ய வேண்டும்; வருண ஜபம் செய்ய வேண்டும்; நந்தியின் கழுத்தளவு தண்ணீர் நிரப்ப வேண்டும்; அமிர்தவர்ஷினி முதலிய ராகங்களை வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு. குடிக்கத் தண்ணீரில்லாத நாட்டில் கல் மாட்டைத் தண்ணீரில் நிற்க வைத்தார்கள்! பலன் என்ன? ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. இதற்காக வருணனிடம் சமாதானம் கேட்டவர் யார்? யாகத்துக்கான செலவைத் திரும்பக் கட்டியவர் யார்? கிராமத்தில் பாமர மக்கள் கழுதைக்குக் கல்யாணம் செய்வதையும் கொடும்பாவி இழுப்பதையும் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சர்க்கார் முத்திரை வைத்துச் செய்த இதற்கும் கழுதைக் கல்யாணத்துக்கும் வித்தியாசம், கழுதைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான்.

வானிலை இலாகாவும் தவறுகிறதே என்று சொல்லுவார்கள். வாஸ்தவம், தவறத்தான் செய்கிறது. ஆனால் அந்த இலாகா ஒவ்வொரு புயலுக்குப் பின்னும், தான் சொன்ன இடத்துக்கும் புயல் ஏறிய இடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் வித்தியாசம், சொன்ன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று அறிக்கை எழுதி வெளியிடுகிறது. தன் தப்பைத் தானே அளந்து ஊராருக்குச் சொல்லுகிறது. எந்தப் பஞ்சாங்கமாவது கடைசிப் பக்கத்தில் "சென்ற வருஷம் நாம் சொன்னதில் இத்தனை பொய்த்தது" என்று அச்சடித்ததுண்டா? 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பஞ்சாங்கம் முன்னமே சொல்லிவிட்டது என்று பெரிய பிரசாரம் நடந்தது. ஐப்பசி கார்த்திகையில் தமிழ்நாட்டில் அடைமழை பெய்யும் என்று சொல்லப் பஞ்சாங்கம் எதற்கு? வருஷந்தோறும் அதையே எழுதிக்கொண்டிருந்தால் ஒரு வருஷம் பலிக்காமலா போகும்? ஓடாத கடிகாரமும் நாளைக்கு இரண்டு தடவை சரியான மணி காட்டுகிறது. அதை யாராவது இடுப்பில் சொருகிக்கொண்டு ரயிலுக்குப் போவார்களா?

இந்த அலை விஞ்ஞானம் நின்ற இடத்திலேயே நிற்கவுமில்லை. மைக்ரோவேவை உண்டாக்கப் பெரிய குழாய்க் கருவிகள் இருந்த இடத்தில் இன்று காலியம் நைட்ரைடு என்னும் பொருளால் செய்த நகத்தளவுச் சில்லுகள் வந்திருக்கின்றன. சிலிக்கான் தாங்காத சூட்டையும் மின்னழுத்தத்தையும் இது தாங்குகிறது. ஒரே குழாயை நம்பியிருந்தால் அது பழுதானால் ரேடாரே குருடு. நூற்றுக்கணக்கான சில்லுகள் கூடி வேலை செய்தால் ஒன்றிரண்டு போனாலும் பார்வை போவதில்லை. மேலும், அந்தச் சில்லுகளின் அலைகளை முன்பின்னாக விட்டு, தட்டைச் சுழற்றாமலே வேண்டிய திசையைப் பார்க்கவும் முடிகிறது. இந்தச் சில்லுகளை டெல்லியிலும் ஹைதராபாத்திலுமுள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சாலைகளிலேயே செய்துவிட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அன்றியும், இப்போதைய ரேடார்கள் கிடையாக ஓர் அலையும் நெட்டாக ஓர் அலையும் அனுப்புகின்றன. பெரிய மழைத்துளி படத்தில் எழுதுவதுபோல் கண்ணீர்த்துளி வடிவாக விழுவதில்லை. இட்லியைப்போல் தட்டையாகி விழுகிறது. ஆகவே கிடை அலை அதில் அதிகமாகத் திரும்புகிறது. உருண்டு புரண்டு விழும் ஆலங்கட்டியில் அந்த வித்தியாசம் இருப்பதில்லை. இதைக்கொண்டு வருவது மழையா, ஆலங்கட்டியா என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பப்பட்ட நிசார் என்னும் செயற்கைக்கோள், அமெரிக்கா செய்த ஓர் ரேடாரையும் நம் ஆமதாபாத் விஞ்ஞானிகள் செய்த ஓர் ரேடாரையும் ஒன்றாகச் சுமந்து சென்றது. 12 மீட்டர் அகலமுள்ள வலைத்தட்டை விரித்து, மேகத்தையும் இருட்டையும் துளைத்துப் பூமியைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. நிலம் சில சென்டிமீட்டர் அசைந்தாலும் கண்டுபிடிக்கும். வயல்களின் பயிரையும் வெள்ளம் சூழ்ந்த இடத்தையும் காட்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் என்பவர் தலைமையில், நம்மவர்களே செய்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ற சரிவுள்ள மலையாகப் பார்த்துக் கட்டியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. சந்திரன் குறுக்கே வந்து தூரத்து ரேடியோ நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தை அளந்து, அந்த நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று அங்கே கண்டார்கள். வானத்தில் ஒன்றை ஒன்று மறைத்தால் ராகு விழுங்கினான் என்று கர்ப்பிணிகளை அறையில் பூட்டிய அதே தமிழ்நாட்டில், மறைப்பையே அளவுகோலாக்கிய வேலை நடந்தது என்பது நமக்குப் பெருமையல்லவா? அலையைப் பற்றி இத்தனை புதுச் செய்தி வந்திருக்கிறது. கடவுளைப் பற்றி ஆயிரம் வருஷமாக ஒரு புதுச் செய்தியாவது வந்ததா என்று கேட்கிறோம்.

ஆனால், விஞ்ஞானம் வளர வளர அதன் சட்டையை மாட்டிக்கொண்டு மூடநம்பிக்கையும் ஊருக்குள் வருகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய ராஷ்டிரீய காமதேனு ஆயோக் என்னும் ஸ்தாபனத்தின் தலைவர், மாட்டுச் சாணத்தால் செய்த ஒரு சில்லைக் காட்டி, இதைச் செல்போனுடன் வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு குறையும் என்று பகிரங்கமாகச் சொன்னார். பரிசோதனை விவரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கேட்டார்கள். நாமும் ஒன்று கேட்கிறோம். சாணம் நிஜமாகவே அலையைத் தடுக்குமானால் செல்போனில் பேச்சே கேட்கக் கூடாதே! டவரின் அலை மங்கினால் செல்போன் தன் பலத்தைக் கூட்டித்தானே பேசும்? அப்போது கதிர்வீச்சு குறையுமா, கூடுமா? தடுக்கவில்லையானால் சில்லு எதற்கு? இரண்டில் எது உண்மையானாலும் வாங்கியவன் ஏமாந்தவன்தான். இதே 2020இல் 5ஜி அலைதான் கொரோனாவைப் பரப்புகிறது என்று நம்பி இங்கிலாந்தில் டவர்களைக் கொளுத்தினார்கள். ஆகவே மூடத்தனம் நம் நாட்டுக்கு மட்டும் ஏகபோக உரிமை அல்ல. பரிசோதனையைக் கேட்காத இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊர்தான்.

ராக்கெட் விடுகிறவர்களே அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோகிறார்களே என்பதும் சிலருக்கு ஒரு சாட்சியாக இருக்கிறது. சந்திரயான்-2 புறப்படு முன்னும் கோயிலுக்குப் போனார்கள். 2019 செப்டம்பரில் அதன் இறங்குகலம் நிலவில் மோதி விழுந்தது. சந்திரயான்-3 புறப்படு முன்னும் போனார்கள். 2023 ஆகஸ்ட் 23இல் அது பத்திரமாக இறங்கிற்று. கோயில் இரண்டு தடவையும் ஒன்றுதான். மாறினது எது? கால்களைப் பலப்படுத்தினார்கள், கணிப்பொறிக் கட்டளைகளைத் திருத்தினார்கள், வேகம் அளக்கப் புதுக் கருவி வைத்தார்கள், திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். இறங்கும்போது தரை எவ்வளவு தூரம் என்று சொன்னவற்றில் ஒன்று மைக்ரோவேவ் உயரமானி, அசரீரி அல்ல. அந்த வேலையை நடத்திய தலைவர் பி. வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

தோழர்களே! அலைக்கு ஜாதி இல்லை. அக்கிரகாரத்துச் சுவருக்குள் நுழையும் அதே அலைதான் சேரிக் கூரைக்குள்ளும் நுழைகிறது. தீட்டு என்று எங்கும் திரும்பிப் போனதில்லை. ஆனால் அந்த அலையைக் கையில் வைத்திருக்கும் மனிதன் எப்படியிருக்கிறான்? 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், ஆதித்திராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இஃது எழுத்தறியாத இருட்டுக் காலத்தில் நடந்ததல்ல. வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கும் காலத்தில் நடந்தது. அதே அலைதான் காலையில் ராசிபலனையும், மதியம் பரிகாரத்தையும், இரவில் ஜாதிப் பெருமையையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. கருவி வந்துவிட்டதனாலேயே அறிவு வந்துவிட்டதாகாது. கருவியைச் செய்த புத்தி, அதாவது கேட்டு, சோதித்து, தப்பென்றால் விட்டுவிடும் புத்தி வந்தால்தான் வந்ததாகும்.

அந்தப் புத்திக்குப் புதுக்கோட்டை புதிய இடமல்ல. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது, பெண் வந்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டினவர்கள் இருந்தார்கள். அதை மீறி அவர் படித்தார், டாக்டரானார், சட்டசபைக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். மிரட்டினவர்கள் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? ஆகவே நமது பெண்மக்களை எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வையுங்கள். அடுத்த புயலைக் காட்டும் ரேடாரின் சில்லை அவர்களில் ஒருத்தி செய்யட்டும்.

கடைசியாக, நமது ஆஸ்திக நண்பர்களுக்கு ஒரு யோக்கியமான ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் நமது தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை, பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளட்டும். முதல் பத்தியில் பஞ்சாங்கம் அந்த நாளைக்குச் சொன்னது. இரண்டாம் பத்தியில் வானிலை இலாகா முந்திய நாள் சொன்னது. மூன்றாம் பத்தியில் நிஜமாகப் பெய்தது. மழையை அளக்க, வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். நாள் தவறாமல் எழுதி, கோயில் குருக்களையும் பள்ளிக்கூட வாத்தியாரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, தை மாதத்தில் ஊர்ப் பொதுவில் வைத்துப் படித்துக் காட்டட்டும். பஞ்சாங்கம் ஜெயித்தால் அதையும் அப்படியே இப்பத்திரிகையில் வெளியிடுவோம் என்று உறுதி கூறுகிறோம். நாங்கள் தோற்கத் தயார். நீங்கள் தயாரா?